கல்நார்த் தூசியால் வந்த நோய்க்கு இழப்பீடு: சட்டம் என்ன சொல்கிறது?

மில்லில் பெல்ட்டில் கை சிக்கி ஒருவருக்கு விரல் போய்விட்டால், அது எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எந்த மெஷின், பக்கத்தில் நின்றவர் யார் என்பதையெல்லாம் அன்று மாலைக்குள் சொல்லிவிடலாம். கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸின் தூசியால் வரும் கேடு அப்படிப்பட்டதன்று. 28 வயதில் பாய்லர்க் குழாயில் சுற்றியிருந்த பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைப் பிரித்துப் போட்டவருக்கு 60 வயதில் நாலு படி ஏறியதும் மூச்சு வாங்குகிறது என்றால், இரண்டுக்கும் நடுவே 32 ஆண்டுகள் கிடக்கின்றன. அதற்குள் மில் மூடியிருக்கலாம், காண்ட்ராக்டர் இறந்திருக்கலாம், சம்பளப் பதிவேட்டைக் கரையான் அரித்திருக்கலாம். கல்நார் நோய்க்கு இழப்பீடு கேட்பவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இந்த இடைவெளியைத்தான். சட்டம் இதைக் கடக்கச் சில வழிகளைச் செய்து வைத்திருக்கிறது. அந்த வழிகள் இருப்பதே தெரியாமல், "வயசாயிட்டு, பீடி குடிச்ச நெஞ்சு" என்று சொல்லிப் படுத்துவிடுகிறவர்கள் நம் பக்கத்தில் மிகுதி என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கல்நார் என்பது பாறையிலிருந்து வெட்டியெடுக்கப்படும் ஒரு கனிமம். பஞ்சைப் போலப் பிரித்து நூற்கலாம், சிமெண்டில் கலக்கலாம், தீயில் எரியாது, வெப்பத்தைத் தாங்கும். இந்தக் குணங்களுக்காகவே கூரை ஷீட்டுக்கும், நீராவிக் குழாய்களின் மேல்சுற்றுக்கும், கேஸ்கெட்டுக்கும், பஸ், லாரிகளின் பிரேக் லைனிங்குக்கும் அது பல பத்தாண்டுகள் பயன்பட்டு வந்தது. திருநெல்வேலிச் சீமையில் மாட்டுத்தொழுவிலிருந்து பட்டறை வரை அந்த ஷீட் போடாத ஊர் அரிது. கூரையில் உடையாமல் கிடக்கும் ஷீட்டினால் அதன் கீழே குடியிருப்பவருக்கு வரும் ஆபத்து குறைவு. அதை அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைத்து இறக்கும்போதும் பறக்கும் தூசியில்தான் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நார்கள் இருக்கின்றன. மூச்சோடு உள்ளே போன நார் கரைவதும் இல்லை, எளிதில் வெளியேறுவதும் இல்லை. நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பேறி இறுகிப்போவது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரலையோ வயிற்றையோ போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் தோன்றும் புற்றுநோய் மீசோதீலியோமா. இவற்றோடு நுரையீரல் புற்றுநோயும் வரலாம். தூசி பட்ட காலத்துக்கும் நோய் தெரியும் காலத்துக்கும் இடையில் 10 முதல் 40 ஆண்டுகள் வரை ஆகிவிடுவது இந்த நோய்களின் இயல்பு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

60க்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் புதிய சுரங்க உரிமம் தருவது 1986இல் நிறுத்தப்பட்டது. ஆனால் வெள்ளைக் கல்நாரை வெளிநாட்டிலிருந்து இறக்கி ஷீட் செய்வதற்குத் தடை இல்லை. முழுத் தடை கேட்டுப் போன வழக்கை 2011இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே தொழிலாளிக்கு இன்று கையில் இருப்பது இழப்பீட்டு உரிமைதான்.

அந்த உரிமையின் வேர் 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருக்கிறது. 2025 நவம்பரில் இதன் இடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது; அதைப் பின்னால் சொல்கிறேன். இங்கே காட்டும் பிரிவு எண்கள் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள். வேலையிடத்தில் வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தால் முதலாளி ஈடு கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டிய தேவை அதில் இல்லை. சரி, நோய் எப்படி விபத்தாகும்? சட்டத்தின் 3ஆம் பிரிவு அதற்கு ஒரு வழி செய்கிறது: குறிப்பிட்ட வேலையில் இருந்தவருக்கு அந்த வேலைக்கே உரிய நோய் வந்தால், அந்த நோயையே விபத்தால் வந்த காயமாகக் கருத வேண்டும் என்கிறது. எந்த வேலைக்கு எந்த நோய் என்ற பட்டியல் மூன்றாம் அட்டவணையில் உள்ளது. கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் அதன் இரண்டாம் பகுதியில் இருக்கின்றன. ஒரு முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதத்துக்குக் குறையாமல் அப்படிப்பட்ட வேலை பார்த்தவருக்கு இந்த நோய் வந்தால், வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை முதலாளியின் தலையில் விழும். நோயாளிக்கு இது மிகப் பெரிய உதவி. எந்த நார் எந்த நாளில் நெஞ்சுக்குள் போனது என்று உலகத்தில் யாராலும் காட்ட முடியாது.

ஆஸ்பெஸ்டோசிஸ் அதே அட்டவணையின் மூன்றாம் பகுதியில், கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பகுதிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஒருவர் விக்கிரமசிங்கபுரம் பக்கம் ஒரு ஆலையில் 6 ஆண்டு, பிறகு தூத்துக்குடியில் ஒரு காண்ட்ராக்டரிடம் 9 ஆண்டு, அதற்குப் பிறகு ஷீட் போடும் வேலையில் 5 ஆண்டு என்று உழைத்திருந்தால், எந்த முதலாளியின் தூசியால் நோய் வந்தது என்று அவர் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. எல்லா முதலாளிகளும் பொறுப்பு. யார் எவ்வளவு கொடுப்பது என்பதை, இந்த மனுக்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் இழப்பீட்டு ஆணையர் நியாயமான விகிதத்தில் பங்கிடுவார். இங்கிலாந்தில் இதே சிக்கல் மீசோதீலியோமா வழக்குகளில் எழுந்து, 2002இல் அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த பிறகுதான் பல முதலாளிகளிடம் வேலை பார்த்தவர்களுக்கு வழி திறந்தது. நூற்பாலையில் இருந்தவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸும் இதே மூன்றாம் பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே டாக்டர் எந்தத் தூசியைக் காரணமாகச் சொன்னாலும், மில் தொழிலாளி வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

அடுத்த தடை கால வரம்பு. விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும் என்பது 10ஆம் பிரிவு. வேலையை விட்ட 2 ஆண்டுக்குள் நோயின் அறிகுறி தெரிந்தால், அறிகுறி முதன்முதலில் கண்டறியப்பட்ட நாளையே விபத்து நாளாகக் கொள்ள வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஓய்வுபெற்று 15 ஆண்டு கழித்து நோய் தெரிந்தவர் என்ன செய்வது? சட்டத்தின் இந்த இடம் கல்நார் நோயின் இயல்போடு பொருந்தவில்லை என்பதே என் எண்ணம். 2 ஆண்டு என்ற கணக்கு இந்த நோய்க்கு மிகவும் சிறியது. ஆனாலும் கதவு முழுதாக அடைபடவில்லை. தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால், காலம் கடந்த மனுவையும் எடுத்து விசாரிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. நோய் இன்னதென்று எந்தத் தேதியில் எந்த மருத்துவர் எழுதிக் கொடுத்தார் என்பதைக் காட்டுவதே அந்தக் காரணத்துக்கான முதல் சான்று. ஆகையால் நோயின் பெயரை மருத்துவர் எழுதிய சீட்டு கையில் வந்த பிறகு ஒரு மாதம்கூட வீணாக்கக் கூடாது.

இங்கேதான் 1995 ஜனவரி 27இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு துணைக்கு வருகிறது. அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் கல்நார்த் தொழிலாளர்களுக்காகத் தொடுத்த வழக்கு அது. தொழிலாளியின் உடல்நலமும் மருத்துவ உதவியும், வேலையில் இருக்கும்போது மட்டுமல்லாமல் ஓய்வுக்குப் பிறகும், அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறியது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டு, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றும், எல்லாத் தொழிலாளருக்கும் மருத்துவக் காப்பீடு செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பரிசோதித்து நோயை உறுதி செய்த தொழிலாளிக்கு 1 லட்சம் ரூபாய் கொடுக்கவும் சொன்னது. அந்தத் தொகை இன்றைக்குச் சிறியதாகத் தோன்றலாம். 40 ஆண்டுப் பதிவேடு என்ற ஆணையோ இன்றும் பயன் தருவது. ஆணையருக்குச் சாட்சிகளையும் ஆவணங்களையும் வரவழைக்கச் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் இருப்பதால், கல்நார் ஆலையில் வேலை பார்த்தவர் தம் உடல்நலப் பதிவேட்டை நிர்வாகம் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று மனுவிலேயே கேட்கலாம். 2011 தீர்ப்பும் தடையை மறுத்ததே தவிர, 1995இன் ஆணைகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று மறுபடியும் வலியுறுத்தியது.

தொகையைக் கணக்கிடும் முறை பலர் நினைப்பதுபோலச் சிக்கலானதன்று. மாதச் சம்பளம், வயது, உழைக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய் என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு நிர்ணயித்தது. வயதுக்கு ஏற்ற ஒரு காரணி எண் நான்காம் அட்டவணையில் இருக்கிறது: 40 வயதுக்கு 184.17, 50க்கு 153.09, 55க்கு 135.56, 60க்கு 117.41. முழுமையான நிரந்தர ஊனத்துக்குச் சம்பளத்தில் 60 விழுக்காட்டையும், இறப்புக்கு 50 விழுக்காட்டையும் அந்த எண்ணால் பெருக்க வேண்டும். 55 வயதில் 15,000 சம்பளத்தில் இருந்தவர் இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்றானால், 9,000ஐ 135.56ஆல் பெருக்க 12,20,040 ரூபாய். அவர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 10,16,700 ரூபாய். திறன் இழப்பு 30 விழுக்காடு என்று மருத்துவர் மதிப்பிட்டால், முழு ஊனத் தொகையில் 30 விழுக்காடாகிய 3,66,012 ரூபாய். தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காத முதலாளி ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், நியாயமான காரணம் காட்டாவிட்டால் 50 விழுக்காடு வரை கூடுதல் தொகையும் கட்ட நேரும். வயது ஏற ஏறக் காரணி குறைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதுமையில் வெளிப்படும் நோய்க்கு இந்தக் கணக்கு தானாகவே குறைந்த தொகையைத் தருகிறது; இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்ட தொழிலாளிக்குப் பாதை வேறு. அவர் முதலாளி மீது இழப்பீட்டு மனு போட முடியாது. 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் அதைத் தடுக்கிறது. அதற்குப் பதிலாக, தொழில்சார் நோய் என்று மருத்துவக் குழு முடிவு செய்தால், ஊனத்தின் அளவுக்கேற்ற மாதாந்தரத் தொகை இ.எஸ்.ஐ.யிலிருந்து ஆயுள் முழுவதும் கிடைக்கும். இறந்தால் சார்ந்திருந்தவர்களுக்குக் கிடைக்கும். நோய்ப் பட்டியல் அங்கேயும் ஏறக்குறைய இதுதான். ஆகவே மனு எழுத உட்காரும்முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இ.எஸ்.ஐ. அட்டை இருந்ததா என்பதே. 2025 நவம்பர் 21 முதல் இந்த இரண்டு சட்டங்களின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நோயை விபத்தாகக் கருதும் அடிப்படையும் நோய்ப் பட்டியலும் அதிலும் தொடர்கின்றன. நோய் எப்போது வெளிப்பட்டது என்பதைப் பொறுத்து மனுவில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைக் காட்ட வேண்டும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு எழுதுவது நல்லது.

எங்கே மனு போடுவது என்பதில் நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. பம்பாய்க்குப் போய் ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்துவிட்டு, கடைசிக் காலத்தில் ஊருக்குத் திரும்பியவர்கள் நாங்குநேரியிலும் வள்ளியூரிலும் அம்பாசமுத்திரத்திலும் ஏராளம். வேலை பார்த்தது பம்பாயில் என்பதால் வழக்கும் அங்கேதான் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். மனுதாரர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தின் ஆணையரிடமே மனு போடலாம் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. வேலை நடந்த ஊரின் ஆணையருக்கு இங்கிருந்தே அறிவிப்பு போய்விடும். பம்பாய்க்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

இனிச் சான்றுகள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், ஒரு மில்லின் பாய்லர்ப் பகுதியில் காலமெல்லாம் உழைத்தவர். மனு எழுத உதவப் போனபோது கட்டிலுக்கு அடியிலிருந்து துருப்பிடித்த டிரங்குப் பெட்டியை இழுத்து வைத்தார். "இதையெல்லாம் என்னத்துக்கு வச்சிருக்கீரு, தூரப் போடும்னு வீட்டுல ஏசுதா, தம்பி" என்றார். உள்ளே நான்காக மடித்த பி.எஃப். சீட்டுகள், போனஸ் சீட்டு, எண் பொறித்த பித்தளை டோக்கன், ஓரம் பூச்சி அரித்த ஓர் ஆயுத பூஜை படம். படத்தில் சந்தனப் பொட்டோடு 14 பேர் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், வெள்ளைச் சுற்று பிய்ந்து தொங்கும் நீராவிக் குழாய் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் படத்தைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. இன்ன பகுதியில் இன்ன காலத்தில் வேலை பார்த்தார் என்பதற்குச் சீட்டுகள் சான்று. அங்கே கல்நார் இருந்தது என்பதற்கு அந்தப் படம் வழிகாட்டி. படத்தில் நின்றவர்களில் இன்றும் உயிரோடு இருப்பவர்கள் சாட்சிகள். மூடிப்போன மில்லின் பதிவேடு கிடைக்காதபோது, உடன் வேலை பார்த்தவர்களின் வாக்குமூலம்தான் மனுவைத் தாங்கி நிற்கிறது. அவர்களும் முதியவர்கள் என்பதால் அதைக் காலம் தாழ்த்தாமல் எழுதி வாங்க வேண்டும்.

மருத்துவச் சான்றில் நேரும் பெரிய பிழை, காசநோய் என்று எண்ணி மாத்திரை எழுதிவிடுவதுதான். இருமலும் இளைப்பும் இரண்டிலும் உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் நெஞ்சக மருத்துவரைப் பார்க்கும்போது, கேட்காவிட்டாலும் தாமாகவே சொல்ல வேண்டும்: எத்தனை ஆண்டு, என்ன வேலை, என்ன தூசி என்று. அந்த விவரத்தை நோயாளிச் சீட்டில் எழுதித் தரும்படி பணிவாகக் கேட்கலாம். எக்ஸ்ரே, நுண்ணிய சி.டி. ஸ்கேன், ஊதிப் பார்க்கும் மூச்சுத்திறன் சோதனை ஆகிய மூன்றோடு இந்த வேலை வரலாறும் சேர்ந்தால்தான் ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற முடிவுக்கு மருத்துவர் வர முடியும். மீசோதீலியோமாவுக்குத் திசுச் சோதனை தேவை.

எதிர்த்தரப்பு சொல்லக்கூடியவற்றையும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும். "பீடி குடித்தார்" என்பது முதலில் வரும். பீடி ஆஸ்பெஸ்டோசிஸை உண்டாக்குவதில்லை, மீசோதீலியோமாவுக்கும் காரணமாவதில்லை. நுரையீரல் புற்றுநோயில் மட்டும் புகையும் கல்நாரும் சேர்ந்து ஆபத்தைப் பலமடங்கு ஆக்குகின்றன. கல்நாரின் பங்கு அதனால் மறைந்துவிடுவதில்லை. "எங்கள் ஆள் இல்லை, காண்ட்ராக்டர் ஆள்" என்பது அடுத்தது. 12ஆம் பிரிவின்படி, தன் தொழிலின் ஒரு பகுதியைக் காண்ட்ராக்டரிடம் விட்ட முதன்மை முதலாளியும் பொறுப்பு. "கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்" என்று ஒரு தாளை நீட்டினால், இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் 17ஆம் பிரிவின்படி செல்லாது. ஆணையரின் தீர்ப்பை எதிர்த்து மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகும் முதலாளி, முழுத் தொகையையும் முதலில் ஆணையரிடம் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

இந்தச் சட்டம் எட்டாத ஒருவர் இருக்கிறார். வெள்ளைத் தூசி படிந்த சட்டையைத் தினமும் உதறித் துவைத்த மனைவி. அந்தத் தூசியால் வீட்டுப் பெண்களுக்கு மீசோதீலியோமா வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அவர் அந்த ஆலையின் பணியாளர் அல்லர் என்பதால் ஆணையரிடம் போக முடியாது. சிவில் நீதிமன்றத்தில் கவனக்குறைவுக்கான நட்டஈட்டு வழக்குத்தான் வழி. அதில் முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டும், வழக்கும் நீளும். இவருக்கும் ஆணையரிடம் போக வழி செய்யும் திருத்தம் வர வேண்டும் என்று நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

தொழிலாளி இறந்துவிட்ட வீட்டில் உரிமையும் அவரோடு போய்விடுவதில்லை. சார்ந்திருந்த மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மனு போடலாம். முதலாளி அந்தத் தொகையை ஆணையரிடம் கட்ட வேண்டும். கையில் நேரடியாகக் கொடுத்ததாகச் சொல்வதைச் சட்டம் இழப்பீடாகக் கணக்கில் கொள்ளாது. ஸ்கேன் படங்களையும் திசுச் சோதனை அறிக்கையையும் துக்க வீட்டின் குப்பையோடு போக விடாமல் எடுத்து வைக்க வேண்டும். இறப்புக்கான காரணத்தை எழுதும் மருத்துவரிடம் பழைய அறிக்கைகளைக் காட்டிவிட வேண்டும். "மூச்சுத்திணறல்" என்று மட்டும் எழுதிய சான்றால் பின்னால் தொல்லை வரும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.